எதிர் மலையின் பங்கு

எதிர் மலையில் எலியோதோரோ இன்னும் கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை, அதற்குள் ரௌட்டரில் இணைப்பு விளக்கு பச்சையாக எரிந்துவிட்டது.

சந்தூசா தகரக் கொட்டகைக்குள், ஆறு மாத வயிறு மேசை விளிம்பில் இடிக்காதபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானப் பனிமூட்டம் வெளியே கோபுரத்தை இடுப்புவரை விழுங்கியிருந்தது. ஈரமண்ணும் மந்தை லாமாக்களின் சாணமும் நேற்று மண்ணுக்கு ஊற்றிய சாராயமும் கலந்த ஒரு வாடை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது. மலைக்கு மலை கம்பியில்லா இணைப்பு. இரண்டே முனை, இரண்டே முகவரி. இங்கே அவளுக்கு ஒன்று, பதினோரு கிலோமீட்டர் தள்ளி எதிர் மலையில் அவள் புருஷன் எலியோதோரோவுக்கு ஒன்று. மூன்றாம் ஆளுக்கு அதில் இடமே கிடையாது.

வாக்கிடாக்கியை எடுத்து, இணைப்பு வந்துவிட்டதே என்றாள்.

"கனவு காணாதடி. நான் இன்னும் கேபிளே சொருகல," என்றான் அவன். மூச்சு வாங்கியது. "இங்க மண்ணு பொதபொதன்னு கெடக்கு. காலு உள்ள போவுது."

ஆகஸ்ட் மாதம். மண் வாயைத் திறந்துகொண்டு பசியோடு கிடக்கும் மாதம். கோபுரம் நிறுத்துவதற்கு முன் அடியில் குழி வெட்டி, பிறக்காமலே செத்துக் காய்ந்த லாமாக் குட்டியின் கருவை வைத்து, கோக்கா இலை தூவி, சாராயம் ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை. இரண்டு மலைக்கும் இரண்டு கரு வேண்டும் என்றுதான் சந்தூசா சொன்னாள். அந்த மேதாவி கேட்டானா? ஒரே இணைப்புக்கு எதுக்கு ரெண்டு படையல் என்று நையாண்டி பண்ணி, இந்த மலையில் ஒன்றைப் புதைத்ததோடு கைகழுவிவிட்டான். எதிர் மலை அடிவாரத்து ஊர்க்காரர்கள் தங்கள் மலைக்குப் படையல் இல்லை என்பது தெரிந்ததும், அங்கே போன இருவருக்கும் குடிக்கத் தண்ணீர்கூடத் தராமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் சாத்தாமல் சந்தூசாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஊர்க்காரன் எவனோதான் விஷமம் பண்ணுகிறான் என்று நினைத்தாள். ரகசியச் சொல்லை மாற்றினால் போதும், இரண்டு முனையிலும் ஒரே சொல் இல்லாவிட்டால் இணைப்பு நிலைக்காது. எவனுக்கும் தெரியாத சொல் வேண்டும். பிள்ளைக்கென்று புருஷனும் பெண்டாட்டியும் போர்வைக்குள் கிசுகிசுத்து வைத்த பெயர் ஒன்று இருந்தது. பிறப்பதற்கு முன் வாய்விட்டுச் சொன்னால் மண் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுவிடும் என்பார்கள். அவள் எங்கே சொன்னாள், மடிக்கணினியில் அடிக்கத்தானே செய்தாள்.

நைரா.

பச்சை அணைந்தது. தொலைந்தான் சனியன் என்று மூச்சு விட்டாள்.

மறுபடி எரிந்தது.

அந்தப் பெயர் தெரிந்த இன்னொரு ஆள் எலியோதோரோ மட்டும்தான். நீயா போட்டாய் என்று வாக்கிடாக்கியில் கேட்டாள். மண் சரியும் சத்தம்தான் கேட்டது. பிறகு, எதையோ நிதானமாக மெல்லும் சத்தம்.

"எலியோ, வெளையாடாதய்யா. வயித்துல புள்ளயோட இருக்கேன். பயமா இருக்கு."

மெல்லும் சத்தம் நின்றது.

மடிக்கணினியின் திரையில் இரண்டு முனைகளுக்கும் இடையிலான தூரம் தெரிந்தது. பதினொன்று என்றிருந்தது ஒன்பதாயிற்று. மலை எங்காவது நகருமா?

ஏழு.

கேபிளைப் பிடுங்கினாள். ரௌட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கினாள். விளக்கு அப்படியும் எரிந்தது.

நான்கு. இரண்டு. காற்று நின்றுவிட்டது. சாராய வாடை கொட்டகை முழுக்க ஏறியது.

பூஜ்யம்.

கதவைத் தள்ளினாள். யாரும் இல்லை. பனிமூட்டம். கோபுரத்தின் அடியில் நேற்று மூடிய குழி திறந்து கிடந்தது. கரு இல்லை. எலியோதோரோவின் தொப்பி மட்டும் உள்ளே கிடந்தது, மண் அப்பி.

அவள் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. அவன் குரல்தான். வாய் நிறைய மண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறவன் குரல்.

"நைரா," என்றது. "வாம்மா, நைரா."

வயிற்றுக்குள் பிள்ளை மெல்லப் புரண்டு, குரல் வந்த பக்கம் திரும்பி, இரண்டு முறை தட்டியது. கொட்டகைக்குள் பச்சை விளக்கும் இரண்டு முறை மின்னியது.