நிறை 134

லண்டனின் கிழக்கே, பழைய கப்பல்துறை ஓரம், பெயர்ப்பலகை இல்லாத கட்டடம் அது. உள்ளே ஒரு வங்கியின் கம்பியூட்டர்கள் இருப்பது திருடனுக்குத் தெரியக்கூடாதாம். பால்காரனுக்குத் தெரியும், பஸ் ட்ரைவருக்குத் தெரியும். திருடனுக்கு மட்டும் தெரியாது என்று நிர்வாகம் நம்பியிருந்தது.

1991 மாசியில், ஒரு ஞாயிறு காலை, யோகராஜா அங்கே காவல் வேலைக்கு வந்தான். மூன்று மாதம் குறையில்லாமல் வேலை செய்தால் வேலை நிரந்தரம் என்று கடிதம் தருவார்கள். கடிதம் கிடைத்தால்தான் கொழும்பில் காத்திருக்கும் மனைவி சிவனேஸ்வரிக்கு விசா. வேலையை எடுத்துக் கொடுத்தவர் அங்கேயே மூத்த காவலாளியான பாஸ்கரன். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருவருக்கும் இரண்டு வருடம் ஒரே அறை, ஒரே சட்டி. மீன் தலையை எப்போதும் யோகராஜாவின் தட்டில் வைக்கிற மனிதர்.

இரண்டு கதவுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டு.

"ஒரு நேரத்தில ஒராள்தான். தரை உம்மை நிறுக்கும். ரெண்டு பேர் நிண்டால் ரெண்டு கதவும் பூட்டிப்போடும்," என்றார் பாஸ்கரன்.

"புட்டுச் சாப்பிட்டிட்டு வந்தாலண்ணை?"

"ரெண்டு குழல் புட்டுக்கு மன்னிப்பிருக்கு. மூண்டாவதுக்கு இல்லை."

தரை 71 கிலோ என்று காட்டி உள்ளே விட்டது.

ஜன்னலே இல்லாத மண்டபம். அங்கே பகலும் இரவும் ஒன்றுதான். தரைக்கு அடியில் குளிர்காற்று ஓடிக்கொண்டிருந்தது. சூடேறிய கம்பியின் வாடையோடு, நனைந்த கம்பளிக் கோட்டின் வாடையும் எங்கிருந்தோ வந்தது. வெளியே மழையில்லை.

சுவரில் மைக்குக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில், வெளியே மேசையில் இருந்த பாஸ்கரனின் குரல் கேட்டது.

"மைக்கைச் சோதிக்கோணும். 'வாரும், போவம்' எண்டு சொல்லும்."

"ஆருக்கண்ணை?"

"ஆருக்குமில்லை. சொல்லும்."

சொன்னான்.

பின்னால் ஒரு சப்பாத்து தரையில் தேயும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. விறுவிறென்று நடந்து கூண்டுக்குள் ஏறினான். கதவு மூடியது.

134.

இரண்டு கதவும் பூட்டிக்கொண்டன.

கண்ணாடியில் அவன் மூச்சு படிந்தது. அவன் தோளுக்கு மேலே இன்னொரு மூச்சும் படிந்தது.

"அண்ணை," என்று கிசுகிசுத்தான், "திறவுங்கோ."

கண்ணாடிக்கு வெளியே மேசையில் இருந்த பாஸ்கரன் நிமிரவில்லை. "தில்லையம்பலம் அறுபத்திமூண்டு கிலோ," என்றார்.

பிறகு மெல்லச் சொன்னார். முந்தின காவலாளி தில்லையம்பலம் ஒரு ஞாயிறு மழையில் நனைந்த கோட்டோடு உள்ளே போய், மைக்கில் "போட்டு வாறன்" என்றாராம். போய்விட்டு வருகிறேன் என்று யாழ்ப்பாணத்தார் விடைபெறும் சொல் அது. ஆள் பின்கதவால் வீட்டுக்குப் போகிறார் என்று பாஸ்கரன் விளங்கிக்கொண்டார். புத்தகத்தில் 'உள்ளே ஆளில்லை' என்று எழுதினார். அதை நம்பித் தீயணைக்கும் வாயுவைத் திறந்து சோதித்தார்கள்; உள்ளே இருந்தவர் மூச்சடைத்துச் செத்தார். மனிதர் சொன்னதோ, ஸ்விட்சைப் போட்டு வாறன் என்று.

"ஞாயிறுக்கு ஞாயிறு மைக்கில அதே சொல். என்னால ஏலாது. ஆரும் வாய் திறந்து கூப்பிட்டால்தான் அவர் வெளியில வருவார், கூப்பிட்ட ஆளோடதான் வருவார்."

"அதுக்கு நானோ அண்ணை கிடைச்சன்?"

பாஸ்கரன் பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்துவிட்டுக் கோட்டை மாட்டினார்.

"நான் போறன்."

'போட்டு வாறன்' இல்லை. 'போறன்.'

முதுகில் குளிர்ந்துகொண்டு நின்றதைவிட, தெருவில் இறங்கிப் போன அந்த முதுகுதான் யோகராஜாவைச் சுட்டது.

முறையிட்டால் கடிதம் போய்விடும். வாயை மூடிக்கொண்டான். ஒவ்வொரு நாளும் கூண்டு 134 காட்டி அலறியது. நிர்வாகம் மெத்தக் கவனமாக ஆராய்ந்து, அவனுடைய பதிவைத் திருத்தியது: 'யோகராஜா, நிறை 134.' அதன்பிறகு கூண்டு அலறவில்லை.

வைகாசியில் கடிதம் கிடைத்தது. ஆவணியில் சிவனேஸ்வரி வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு வேலை முடிந்து வெளியே வரும்போது கூண்டு பூட்டிக்கொண்டு அலறியது. தரை 71 காட்டியது. ஒராள் குறைகிறதாம். அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருக்க, யோகராஜா கூண்டுக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்தான். மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். நாற்காலியின் முதுகு ஈரமாக, நனைந்த கம்பளி வாடையோடு இருந்தது.

"உங்கட கூட்டாளி ஒராள் வந்தவர்," என்றாள் சிவனேஸ்வரி. "பேர் கேக்க முந்தி எழும்பிட்டார்."

"என்ன சொன்னவர்?"

"வேறென்ன? 'போட்டு வாறன்' எண்டவர்."