எந்த நிறை?

நிலவுக் கல்லூரியில் பாடநூலை மதிப்பிடுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பதில்லை. கையுறை மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போவார்கள். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் அப்படியே செய்வார். சொந்த அறிவை வைத்துச் சமாளிக்கக் கூடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று அடுப்பில் ஏற்றியே பார்த்துவிடுகிற வேலை அது.

அன்று செண்பகவல்லி வாசித்தாள், மயூரதன் செய்தான். அவள் கோவில்பட்டிக்காரி, அவன் யாழ்ப்பாணத்தான். இருவரும் இயற்பியல் கற்பிக்க வந்தவர்கள். நூலோ ஒரு திறந்தநூல். கடலின் இரு கரையிலிருந்தும் பலர் எழுதியது. யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். மாலைக்குள் இருவரும் ஒப்பமிட்டால் நிலவின் முதல் தமிழ்வழி வகுப்பு தொடங்கும். இல்லையென்றால் பிள்ளைகளை வேறு வகுப்புகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். அந்த வகுப்புக்காகச் செண்பகவல்லி ஏறி இறங்காத அலுவலகம் இல்லை.

"'வண்டியின் நிறையைக் கண்டறிந்து, அதற்கேற்பத் தடுப்புச் சுருளை இறுக்குக,'" என்று வாசித்தாள்.

மயூரதன் பாறை ஏற்றிய வண்டியை வில்தராசில் தொங்கவிட்டான். முள் காட்டிய அளவுக்குச் சுருளை இறுக்கினான். வண்டியைத் தண்டவாளத்தில் வைத்து உந்திவிட்டான்.

வண்டி தடுப்பை மதிக்கவே இல்லை. சுருளை நசுக்கி, தடம் தாவி, செண்பகவல்லி சாய்ந்து நின்ற மேசையின் காலை ஒடித்தது. அவள் துள்ளி விலகியிராவிட்டால் ஒடிந்திருப்பது அவள் கால்தான்.

"ஐயோ அக்கா! காயமோ?"

"காயமில்ல. நீ என்னத்த அளந்த?"

"நிறையைத்தான். புத்தகத்தில அப்பிடித்தானே கிடக்கு?"

"நிறைய எவனாவது வில்தராசுல அளப்பானா? நிலவு இழுக்குறதே பூமியில ஆறுல ஒரு பங்கு. தூக்குனா லேசா இருக்கும். ஓடுறத நிறுத்தப் போனா இங்கயும் அதே முரடுதான்!"

"நீங்கள் சொல்லுறது திணிவு அக்கா. நிலம் இழுக்கிற இழுவைதான் நிறை. நான் அப்பிடித்தான் படிச்சனான்."

"அது எடைப்பா. பொருள் எவ்வளவு இருக்குங்கறதுதான் நிறை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூமியில் இரண்டுக்கும் தராசு ஒரே எண்ணைத்தான் காட்டும். அங்கே ஆயுள் முழுக்கப் பேசியிருந்தாலும் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

செண்பகவல்லிக்குப் பயம் போய் ஆர்வம் வந்தது. நூலின் பழைய வடிவங்களைத் திரையில் வரவழைத்தாள். முதலில் திணிவும் இருந்தது, எடையும் இருந்தது. சொற்களை ஒன்றுபோலாக்கும் சீர்மைச்செயலி வந்து, இரு கரையிலும் புழங்கும் சொல் எது என்று தேடியிருக்கிறது. 'நிறை' அகப்பட்டதும் மற்ற இரண்டையும் அழித்து எல்லா இடத்திலும் அதையே நட்டுவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

"எங்க அர்த்தத்தையே வச்சுக்குவோம் தம்பி. எங்க பக்கம் ஆள் ஜாஸ்தி."

"ஆள் கூடினால் வண்டி நிக்குமோ அக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. ஒடிந்த மேசைக்காலைக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

"சரி. உங்க திணிவ நீ குடு. எங்க எடைய நான் தாரேன்."

"அப்ப நிறை?"

"அத ரெண்டு பேரும் விட்டுருவோம்."

இரண்டு கரைக்கும் பொதுவென்று இருந்த சொல். அதைத்தான் தூக்கிப்போட வேண்டியிருந்தது.

பக்கம் பக்கமாகப் பார்த்து, எங்கே திணிவு, எங்கே எடை என்று வாதாடித் திருத்தினார்கள். பிறகு மயூரதன் வண்டியை, நிலத்தின் இழுவை கணக்கில் வராத அதிர்தட்டில் ஆட்டித் திணிவைக் கண்டான், சுருளை இறுக்கினான். செண்பகவல்லி பழைய இடத்திலேயே போய் நின்றாள்.

"தள்ளி நில்லுங்கோ அக்கா!"

"மாட்டேன். புத்தகத்த நம்பாம பிள்ளைகளுக்கு எப்படிக் குடுக்க? விடு வண்டிய."

வண்டி பாய்ந்து வந்தது. சுருளில் முட்டி, முனகி, நின்றது.

அவள் மூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையில் ஒப்பமிட்டாள்.

"மனசு நிறைஞ்சு போடுதேன் தம்பி."

மயூரதன் சிரித்தான். "எந்த நிறை அக்கா? உங்கடயோ, எங்கடயோ?"

"இது ரெண்டு ஊருலயும் ஒண்ணுதான்டா. போடு கையெழுத்த."