மூன்றடிக்குள் ஐந்து சுரங்கள்

“சார், நான் பெத்த பிள்ளைக்கு இன்னொருத்தர் அப்பா ஆயிட்டார்!” என்றபடி உள்ளே வந்தார் பெண் இசையமைப்பாளர் ஒருவர். குடையை மடக்கக்கூட மறந்திருந்தார்.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். எந்த வழக்கிலும் முதல் ஆளாகத் தப்பான ஆளைப் பிடித்துவிடும் அவருடைய மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். ஒரு நாட்டிய நாடகத்துக்கு அந்தப் பெண் இசை எழுதி, அச்செடுத்த தாள்களை மட்டும் இயக்குநரிடம் கொடுத்திருந்தார். நாளை முதல் காட்சி. சுவரொட்டியில் ‘இசை’ என்ற இடத்தில் இயக்குநரின் பெயர்!

“கேட்டா, அவர் கம்ப்யூட்டர்லயும் இதே இசை இருக்காம். அதுல தேதி என்னோடதைவிடப் பழசு. நான்தான் திருடியாம்.”

“தேதி பழசா? போச்சு!” என்றார் மைத்துனர்.

“கம்ப்யூட்டர்ல தேதியைத் திருப்பி வெச்சா உங்கக்கா வயசைக்கூடக் குறைச்சுடலாம், மாப்ளே” என்ற துப்பறிவாளர், அந்தப் பெண் நீட்டிய இசைத்தாளில் ஓரிடத்தைத் தொட்டார். ஐந்து சுரங்கள், மேலே சின்னதாக ஒரு ‘5’. “இது என்னம்மா?”

“அங்கே தாளத்துல மூணு அடிதான். அதுக்குள்ள அஞ்சு சுரம் சமமா நெருங்கி ஓடணும். நாயகி மூச்சிரைக்க ஓடி வர்ற இடம்.”

ஒத்திகைக் கூடத்தில் இயக்குநர் சளைக்கவில்லை. தம் கணினியைத் திறந்து காட்டினார். பெண்ணும் தன் கணினியை அதன் பக்கத்தில் திறந்துவைத்தார். மைத்துனர் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்து, “அச்சு அசல், அத்தான்!” என்று சோர்ந்தார்.

துப்பறிவாளர் அதே இடத்தைக் காட்டி, “இங்கே என்ன நடக்குது?” என்று இயக்குநரைக் கேட்டார்.

“அதுவா? தாளம் கொஞ்சம் நீளுது. மூணு அடி அஞ்சு அடியாகுது.”

“சரி, ரெண்டையும் ஓடவிடுங்க. மாப்ளே, நீ மூணு மூணாத் தட்டிக்கிட்டே வா.”

பெண்ணின் கணினியில் ஐந்து சுரங்களும் சிட்டாய்ப் பறந்தன. மைத்துனரின் விரல் பிசகவில்லை. இயக்குநரின் கணினியிலோ அவை ஆற அமர நடந்தன. விரல் தடுமாறி அந்தரத்தில் நின்றது.

“பார்வைக்கு ஒண்ணு, காதுக்கு ரெண்டு” என்றார் துப்பறிவாளர். “அஞ்சை மூணுக்குள்ள அடக்கச் சொல்லி இவங்க இசை எழுதுற சாப்ட்வேருக்குக் கட்டளை குடுத்திருக்காங்க. நீங்க தாளைப் பார்த்து அஞ்சு சுரத்தை வரிசையா வெச்சு, இடம் பத்தாம அந்தத் தாளக் கட்டத்தையே நீட்டிட்டு, மேலே ‘5’னு வெறும் எழுத்தா அடிச்சுட்டீங்க.”

“எனக்கு சாப்ட்வேர் சரியா வராது. அதுக்காக இசை என்னோடது இல்லேன்னு ஆயிடுமா?”

“ஆகாது. அதனாலதான் முதல்ல உங்க வாயால கேட்டேன். நெருங்குதுன்னு சொல்லல, நீளுதுன்னீங்க. கைக்கு வராம இருக்கலாம் சார். பெத்தவர் காதுக்குமா தெரியாது?”

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு அவர் பெண்ணின் திரையில் அந்த ஐந்து சுரங்களை மறுபடி ஓடவிட்டார், இன்னொரு முறையும். முகத்தில் இருந்த வீம்பு மெல்லக் கரைந்தது.

“இது எப்படிம்மா இப்படி ஓடுது? எப்படி எழுதினே?”

“முதல்ல சுவரொட்டியில என் பேரை எழுதுங்க. அப்புறம் சொல்லித் தர்றேன்.”