பத்தாவது கட்டம்

ஒன்பது கம்ப்யூட்டர் ஓடும் ஆபீசுக்குத் திரையில் பத்துக் கட்டங்கள் தெரிந்தன.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தேவிப்ரியா, முதலாளியின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மறுபடி எண்ணினாள். பத்துதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிபாளையத்துத் துணி ஏற்றுமதி ஆபீசில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. பக்கத்துச் சந்தின் தறிச் சத்தம் மட்டும் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. யார் எந்த வெப்சைட்டைப் பார்க்கிறார்கள், என்ன டைப் அடிக்கிறார்கள் என்று தன் அறையில் இருந்தபடியே பார்க்க ஒரு சாஃப்ட்வேரை, லீவு நாளில் ஒருத்தருக்கும் தெரியாமல் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி பூபதி. யார் வேறு வேலை தேடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவேண்டுமாம். முடியாதென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு அவள் நின்றுகொள்ளலாம்.

போட்டாள், கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டமாக. ஆனால் 'உங்கள் திரை கண்காணிக்கப்படுகிறது' என்ற அறிவிப்பு நாளைக் காலையில் எல்லாருக்கும் தெரியும்படி செய்துவிட்டாள். வேலை போனால் போகட்டும். முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பது அவளுக்குச் சுத்தமாக ஆகாது. மேனேஜர் சந்திரசேகர் அப்படித்தான் பார்ப்பார். காலடிச் சத்தமே கேட்காது. முதலில் தலைவலித் தைலத்தின் வாசனை வரும், அப்புறம் தோளுக்கு மேல் அவர் மூச்சு படும். "முன்னாடி வந்து பாருங்க சார்" என்று அவரிடம் சொன்ன ஒரே ஆள் இவள்தான். போன மாதம் மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தக் கண் போனதால்தான் பூபதி இந்தக் கண்ணை வாங்கினார்.

பத்தாவது கட்டத்தின் கீழே சந்திரசேகரின் பெயர். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

பூபதிக்கு போன் போட்டுக் கேட்டாள். "அதக் கழட்டி மாசமாச்சே சாமி," என்றார் அவர். "ஒயரெல்லாம் சுத்தி மேலயே வச்சிருக்குது பாரு."

போய்ப் பார்த்தாள். மூலை மேசையில் உறை போட்டு மூடிய கம்ப்யூட்டர், அதன் தலையில் சுருட்டி வைத்த ஒயர். உறையின் மேல் விரலால் கோடு போடும் அளவுக்குத் தூசு. உறைக்கு அடியில் கையை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

முதலாளி அறைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது கரண்ட் போயிற்று. தறிகள் நின்றன. யூபிஎஸ்ஸில் அவள் எதிரே இருந்த திரை மட்டும் எரிந்தது. அதில் ஒவ்வொரு கட்டமாக இருண்டது. பத்தாவது இருளவில்லை. வெள்ளைப் பக்கம் ஒன்று அதில் திறந்தது. யாரோ ஒற்றை விரலால் அடிப்பதுபோல் எழுத்துகள் வந்தன.

வாங்க.

அது எதற்கான பதில் என்று அவளுக்குப் புரிந்தது. துக்க வீட்டில் இருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சந்திரசேகர் செத்த அன்றைக்கு, ஐஸ் பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்து, தினமும் சாயங்காலம் ஆபீசில் சொல்லும் பழக்கத்தில் அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "வாரேனுங்க சார்." அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தித் திரும்பினார்கள். உயிரோடு இருந்தவரை அதற்கு அவர் சொல்லும் பதில் ஒன்றேதான்: "வாங்க." திரையில் எழுத்துகள் நீண்டன.

வாங்க. இன்னும் காணோம்?

தைல வாசனை வந்தது. கழுத்துக்குப் பின்னால். மூச்சு.

பயந்தாள். அதைவிடக் கோபம் வந்தது. எழுந்து ஓடலாம். ஓடினால் அவர் பார்ப்பது அவள் முதுகைத்தான். செத்தும் இதே வேலையா?

நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நா வர்லீங்க சார். எந்திரிச்சுப் போகவும் மாட்டேன். இங்கயேதா உக்காந்திருப்பேன். பாக்கோணும்னா முன்னாடி வந்து பாருங்க."

கழுத்தில் பட்ட மூச்சு நின்றது. வாசனை விலகியது. கட்டத்தில் பழைய எழுத்துகள் அழிந்தன.

வாரேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், மூலை மேசையில் இருந்து ஒயர் சரிந்து விழுந்தது. உறை எழுந்தது. ஆள் உயரத்துக்கு. மேசைகளுக்கு நடுவே வந்தது. காலடிச் சத்தம் இல்லை.

கண்ணாடிக்கு முன் நின்றது. உறைக்குள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்வாங்கியது, உப்பியது. அந்த மத்தியான வெக்கையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வெள்ளையாக மூச்சு படர்ந்தது.

தேவிப்ரியா கண்ணை இறக்கவில்லை. உறை மெல்ல மேலே சுருளத் தொடங்கியது.