மூன்று சுற்று உள்ளே

சாக்கட்டியால் போட்ட வெள்ளைக் கோட்டில் திருகு நிற்கவில்லை. மூன்று சுற்று உள்ளே போயிருந்தது.

ஆபரேட்டர் சிவப்பு டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு அலுப்போடு அதை வெளியே திருகினார். நூற்றைம்பது வருடத்துத் தொலைநோக்கி. பொதுமக்களுக்கு மாதத்தில் ஒரு மாலைதான். வெள்ளைக் கோடு சாதாரணக் கண்ணுக்கு. கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுத் தங்கள் பார்வைக்குத் திருகிக்கொள்ளலாம். ஏணியிலிருந்து இறங்குமுன் கோட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். இதை வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டிருந்தார்.

"யாருங்க அந்த சோடாபுட்டி?" என்றார் வரிசையைப் பார்த்து. "மூணு சுத்துன்னா பவர் ஆறாவது இருக்கும். பாத்துட்டு அப்படியே விட்டுட்டு இறங்கினா எப்படி?"

சிலர் சிரித்தார்கள். வரிசையில் ஒருவரும் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

வரிசையின் கடைசியில் நின்ற அவன் சிரிக்கவில்லை. கல்யாணமான புதிதில் மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அவளுக்குப் பவர் ஆறு.

இரண்டு சீட்டையும் அவள்தான் பதிவு செய்திருந்தாள், ஏழு மாதத்துக்கு முன். அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. தங்கச்சி ஆசைப்பட்டது, வீணாக வேண்டாம் என்று அவளுடைய அண்ணன் தானாகவே கிளம்பி வந்துவிட்டார். வழியில் அவர் கேட்டது ஒன்றுதான். ஐந்து மாதமாகக் கேட்பது. பன்னிரண்டு படி உருண்டு விழுந்தவள் முகத்தில் கண்ணாடி மட்டும் கீறல் இல்லாமல் எப்படி இருந்தது? தெரியவில்லை என்றான். ஐந்து மாதமாகச் சொல்வது.

தெரியும். அன்று சண்டை. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவளின் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்தான். இது இல்லாமல் எப்படிப் போகிறாய், பார்க்கலாம் என்றான். சுவரைத் தடவிக்கொண்டே போய்விட்டாள். சத்தம் கேட்டு ஓடினான். கீழே கிடந்தவளைப் பார்த்தான். திரும்ப மேலே வந்து, கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய், அவள் காதுகளில் மாட்டிவிட்டான். அதன் பிறகுதான் கத்தினான். பாவம், இந்த வயதில் இப்படியா என்று எல்லோரும் அவன் தோளைத்தான் தடவினார்கள்.

குவிமாடத்தின் நீளமான பிளவு வழியாகக் குளிர் இறங்கி, கிரீஸ் வாடையோடும் பழைய மரத்தின் வாடையோடும் கலந்து, சுவரோரம் நின்றவர்களின் கால்களைச் சுற்றிக்கொண்டது. மேலே கூரையைத் தாங்கிய இரும்புச் சக்கரங்கள் யாரும் தள்ளாமலே அவ்வப்போது முனகின. சிவப்பு வெளிச்சத்தில் மர ஏணியின் நிழல் சுவரில் ஏறி வளைந்து இருட்டுக்குள் போயிற்று. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே படிகளை எண்ணினான். பன்னிரண்டு.

ஒவ்வொருவர் இறங்கிய பிறகும் திருகு மூன்று சுற்று உள்ளே இருந்தது. மூன்றாவது ஆளுக்குப் பிறகு ஆபரேட்டர் கேலி பேசவில்லை. ஆறாவது ஆளுக்குப் பிறகு, பழைய மெஷின், தானா நழுவுது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பார்த்து முடித்தவர்கள் வெளியே புல்வெளிக்குப் போனார்கள். வரிசையில் மிஞ்சியது இவர்கள் இருவர்.

அண்ணன் ஏறினார். வெகுநேரம் பார்த்தார். இறங்கி வந்து விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார்.

"கண்ணு வைக்கிற ரப்பர் ஈரமா இருக்கு மாப்பிள்ளை," என்றார். "யாரோ அழுதுட்டுப் போயிருக்காங்க."

அவர் கிட்டே வந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க. போலீசு கீலீசுன்னு நான் எங்கயும் போகப்போறதில்ல. அம்மாவுக்குக்கூடச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மச்சான்."

ஏறினான்.

ரப்பர் ஈரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது. உள்ளே மஞ்சளாக ஒரு கலங்கல். திருகைப் பிடித்து வெளியே திருப்பினான். கலங்கல் சுருங்கியது, சனிக் கிரகத்தின் வளையம் தெரியப்போனது. அப்போது திருகு அவன் விரல்களுக்குள்ளேயே மெதுவாக உள்ளே திரும்பியது. அந்தத் திருகுக்குக் குழாயின் இரண்டு பக்கமும் தலை உண்டு. அந்தப் பக்கத்துத் தலையை யாரோ திருப்பினார்கள். அவசரமில்லாமல். தன் பார்வைக்குத் தகுந்தபடி.

ஒன்று. இரண்டு. மூன்று.

கையை எடுத்தான். கண்ணை எடுத்தான்.

கலங்கல் போகவில்லை. சிவப்பு விளக்கு பூசணிக்காய் அளவுக்குப் பொங்கி நின்றது. தேய்த்தான். சிமிட்டினான். ஏணி இல்லை. கைப்பிடி இல்லை. தன் விரல்கள்கூட இல்லை. எல்லாம் புகை.

அவள் இப்படித்தான் போயிருக்கிறாள்.

"பாத்து இறங்குங்க மாப்பிள்ளை." கீழே எங்கிருந்தோ அண்ணன்.

காலை நீட்டினான். காற்று. இழுத்துக்கொண்டான். சுவரைத் தேடினான். இல்லை.

"மச்சான், சொல்லிடறேன்," என்றான். குரல் எழும்பவில்லை.

நெற்றிப்பொட்டுகளில் குளிர். இரண்டு பக்கமும். மெல்லிய கம்பி. முடியில் சிக்காமல், நிதானமாக, காதுகளுக்குப் பின்னால் நுழைந்தது. மூக்கின்மேல் அமர்ந்தது. ஒரு விரல் அதை நேராக்கியது. தானாக மாட்டிக்கொள்ள முடியாதவர்களுக்கு மாட்டிவிடுகிற மாதிரி.

அவன் இன்னும் விழவே இல்லை.