மஞ்சள் பூசிய கண்

காலை ஆறு மணிக்குத் திரை விலகியபோது, கண்ணகை அம்மனின் பொன் கண்மலர் இரண்டையும் காணவில்லை.

குருக்கள்மடத்துக்கு அப்பால், வாவிக்கரையிலுள்ள சின்ன ஊர் அது. அங்கே கண்ணுக்குப் பஞ்சமே இல்லை. வலைக்குக் கண், நுங்குக்குக் கண், தேங்காய்க்கு மூன்று கண். ஊராருக்கோ அடுத்த வீட்டின்மேலேயே கண். அம்மனுக்குத்தான் இல்லாமல் போயிற்று.

பழி, கோயில் கூட்டும் நண்டு வியாபாரி நேசம்மா மேல் விழுந்தது. களவு உறுதியானால் அவள் இனி அந்த வாசலை மிதிக்க முடியாது.

"ஊர் வழக்கப்படி தேங்கா உடைச்சுச் சத்தியம் பண்றன். பொய்யெண்டா உள்ளுக்குக் கறுக்கட்டும். கொண்டாங்க!" என்றாள்.

போன கிழமை கண்மலரைச் செப்பனிட்டுக் கொடுத்த நகைத் தொழிலாளி ரதீஸ் தேங்காயொன்றை நீட்டினான். முழுக்க உரித்து, மேலே மஞ்சள் அப்பியிருந்தான். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் சாமித்தம்பி உடைத்தார். கறுப்புத் தண்ணீர் கொட்டியது.

"கள்ளி!" என்றது கூட்டம்.

"அம்மாளாணை நான் எடுக்கல்ல. பொலிசக் கூப்பிடுங்க!" நேசம்மா அசையவில்லை.

எட்டு மணிக்கு வந்தாள் சார்ஜன்ட் ஷெரில், மட்டக்களப்பு டவுன் பறங்கிப் பெண். தேங்காய்ப் பாதிகளை முகர்ந்தாள்.

"தண்ணி கறுப்பு. பருப்பு வெள்ளை. நாத்தமும் இல்ல. எப்பிடி?"

"சாமி குத்தம், மிஸ்" என்றான் ரதீஸ்.

"கோயில் தேங்காய்க்குக் குடுமி விடுறல்லையா?"

"விடுறதான்" என்றார் வண்ணக்கர்.

ஷெரில் மஞ்சளைத் துடைத்தாள். இரண்டு கண்கள் இறுகியிருந்தன. மெத்தென்ற மூன்றாவதில் ஊசித்துளை. அதை அடைத்திருந்தது சிவப்பு அரக்கு.

"நகை வேலைக்கு வச்சிருக்கிற அரக்கு, ரதீஸ். துளை போடக் குடுமியப் பிடுங்கினீங்க, மறைக்க மஞ்சள் பூசினீங்க. இவதான் கள்ளி எண்டு நம்பின ஆக்கள், தேங்கா தானாக் கறுக்கும் எண்டு சும்மா இருந்தாங்க. கறுக்காது எண்டு எடுத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன்தான் மை ஏத்துவான்."

ரதீஸின் பட்டறையைச் சோதித்தபோது, அரக்குக் கட்டிக்குள் கண்மலர் இரண்டும் புதைந்திருந்தன.

வண்ணக்கர் குழைந்தார். "நடந்தது நடந்து போச்சு. உள்ளுக்கு வா, புள்ள."

"வாறன்" என்றாள் நேசம்மா. கண்ணீர் வழிந்தது, குரல் தளரவில்லை. "நீங்க எல்லாரும் வெளியால நில்லுங்க. கள்ளி எண்டு கத்தின ஒரு வாயும் நான் கும்பிட்டு முடியுமட்டும் உள்ளுக்கு வரப்படாது."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வண்ணக்கரும் வெயிலில் நின்றார்.