விடுமுறைப் பூட்டு

பள்ளிகளை மூடி அன்றோடு பன்னிரண்டு நாள். எல்லாம் ஈ காக்கை இல்லாத கட்டடங்கள். ஆனால் முப்பத்தொன்றாம் எண் பள்ளியின் சர்வரில் மட்டும் யாரோ ஆயிரத்து ஐந்நூறு தடவைக்கு மேல் தவறான பெயரைக் கொடுத்து நுழையப் பார்த்திருக்கிறார்கள் என்று, செவ்வாய்க்கிழமை மதியம் வந்த மாதப் பட்டியல் சொன்னது. மற்ற ஐம்பத்தொரு பள்ளிகளுக்கு நேராகவும் வரிசையாகப் பூஜ்யம்.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை, சலிப்புதான் வந்தது. வீட்டின் பின்னறையில் உட்கார்ந்தபடி ஐம்பத்திரண்டு பள்ளிகளின் சர்வர்களையும் ஒரே மடிக்கணினியில் கட்டி மேய்ப்பவள் அவள். எந்த அறையில் எத்தனை டிகிரி சூடு, எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில். அலுவலகத்தில் அவளுக்கு ‘கண்ட்ரோல் ரூம்’ என்று பட்டப்பெயர். அதில் பாதி கிண்டல், பாதி பயம். அந்தப் பயப்படுகிற பாதிதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

எவனோ வெளியிலிருந்து இணையம் வழியாகக் கை வைக்கிறான் என்று நினைத்துப் பட்டியலை விரித்தாள். அப்படி இல்லை. எங்கிருந்து வந்தது என்று காட்டும் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பதில்தான் இருந்தது. சர்வரோடு செருகியிருக்கும் கீபோர்டு. அதாவது, பூட்டிய அறைக்குள் இருக்கும் கீபோர்டு.

கடைசியாக அடித்த ஐந்து பெயர்களைப் படித்தாள். இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ் அது. ‘மேடம்.’ ‘கதவு.’ ‘மேடம் இருக்கீங்களா.’ ‘கதவு திறங்க.’ ‘மேடம்.’

மின்விசிறி தலைக்கு மேல் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்த ஜன்னல் திரையிலிருந்து தூசி வாடை வந்தது, கூடத்திலிருந்து அவள் கணவனின் குறட்டையும், அதற்கும் பின்னால் குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கும் ஓசையும் வந்தன. எல்லாம் தினமும் கேட்கிற சத்தங்கள்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

விடுமுறைப் பூட்டு என்று ஒன்று உண்டு. நீண்ட விடுமுறைக்கு முன் அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள். எல்லா சர்வர் அறைகளின் கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். கதவைத் திறக்கும் அட்டைகள் செத்துவிடும். அறைக்குள் இருக்கும் தொலைபேசி, ஏசி, அபாய மணி எல்லாம் அணைந்துவிடும். சர்வர் மட்டும் ஓடும். அதன்பிறகு உள்ளேயிருந்தும் கதவு திறக்காது, வெளியேயிருந்தும் திறக்காது. அவள் இங்கிருந்து திறந்தால்தான் உண்டு, அதுவும் பத்தே விநாடி. பிறகு கதவு தானாக மூடிப் பூட்டிக்கொள்ளும்.

அதனால்தான் ஒரு விதி வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொரு பள்ளிக்கும் போன் போட்டு, அறையில் ஆள் இல்லை என்று வாயால் சொல்லக் கேட்டு, காகிதத்தில் டிக் அடிக்க வேண்டும். பள்ளிகளை மூடிய வெள்ளிக்கிழமை ஐந்து மணி வண்டிக்கு அவள் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. நாற்பத்தொரு பள்ளிகளுக்குப் போன் போட்டாள். முப்பத்தொன்று உட்பட மீதிப் பதினொன்றுக்கும் பேனாவை மட்டும் ஓட்டினாள். இடையில் மூன்று ஐம்பதுக்கு முப்பத்தொன்றிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அங்கே வயர் மாற்றப் போயிருந்த டெக்னீஷியன்தான் பேசுவார் என்று தெரியும். மணிக்கட்டில் வளையல் மாதிரி எப்போதும் வயர் சுற்றும் டேப் மாட்டியிருப்பதால் அவருக்கு ‘டேப்பு’ என்று பெயர். எடுத்தால் கால் மணி நேரம் புலம்புவார். அவள் எடுக்கவில்லை. நான்கு மணிக்குப் பொத்தானை அழுத்தினாள்.

பூட்டிய மூன்றாம் நாள், திங்கட்கிழமை, டேப்பின் மனைவி கூப்பிட்டிருந்தாள்.

“மேடம், அவர் வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டுக்கு வரல. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?”

“எங்கயாவது சுத்திட்டு வருவாருங்க. முன்னாடியும் போயிருக்காருல்ல?”

“போவாரு மேடம். ஆனா போன எடுப்பாரு.”

சர்வர் அறைகளில் டவர் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே அதை உதறிவிட்டு, பூரிக்கு உருளைக்கிழங்கு மசிக்கப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து கேட்டபோது, எல்லா அறைகளையும் சரிபார்த்துத்தான் பூட்டினேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாதபடி பார்த்துக்கொண்டாள்.

இப்போது பட்டியலின் தலைக்குப் போனாள்.

பெயர் அடிக்கும் கட்டம் இருபது எழுத்துக்கு மேல் தாங்காது. ஐந்து முறை தப்பாக அடித்தால் அரை மணி நேரம் கீபோர்டு செத்துப் போகும். பிள்ளைகள் விளையாடிவிடக் கூடாது என்று அவள் போட்ட விதிதான் அதுவும். ஆகவே டேப்பு அரை மணிக்கு ஐந்து வரி பேசியிருந்தார்.

வெள்ளி நான்கு இருபது. ‘நான் உள்ள இருக்கேன்.’ ‘மேடம் விளையாடாதீங்க.’ இரவு. ‘ஏசி போடுங்க.’ பிறகு ஐந்து மணி நேர இடைவெளி. தூங்கியிருக்கிறார். சனி. ‘மூச்சு முட்டுது.’ ஞாயிறு. ‘தண்ணி.’ ‘தண்ணி.’ ‘தண்ணி.’ திங்கள், அவர் மனைவி போனில் பேசிய அதே நேரத்தில், ‘திறடி.’ செவ்வாயன்று வார்த்தையே இல்லை, உதிரி எழுத்துகள். புதன் காலை ஐந்து பத்துக்கு ஒரே எழுத்து, இடைவிடாமல் இருபது தடவை. தலையைக் கீபோர்டின்மேல் சாய்த்தால் அப்படித்தான் விழும்.

அதன்பின் பத்தொன்பது மணி நேரம் ஒன்றுமில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அது டேப்புக்காக வந்ததா, தான் எழுதிக் கொடுத்த கையெழுத்துக்காக வந்ததா என்று பிரித்துப் பார்க்க அவள் விரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலைக் கீழே நகர்த்தினாள்.

வியாழன் பிறந்த பன்னிரண்டு மணிக்கு மறுபடி தொடங்கியிருந்தது.

‘மேடம்.’

அரை மணிக்கு ஐந்து வரி. ஒரு எழுத்துப் பிழை இல்லை. வசவு இல்லை. தண்ணீர் கேட்கவில்லை. பழைய மரியாதையோடு, மேடம், கதவு திறங்க. விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து. பகல் மூன்று மணிக்கும் ஐந்து. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஒரு அரை மணிகூடத் தப்பவில்லை. தூக்கத்துக்கான இடைவெளி எங்கேயும் இல்லை.

கடிகாரம் இரண்டரையைக் காட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலின் அடியில் ஐந்து வரிகள் முளைத்தன.

‘மேடம்.’ ‘வந்துட்டீங்களா.’ ‘எல்லாம் படிச்சீங்களா.’ ‘புதன் வரைக்கும்.’ ‘படிச்சீங்களா.’

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாரோ? ஐந்து நாளில் கீழே விழுந்த மனிதர் இன்னொரு ஆறு நாள் தூங்காமல் எப்படி அடிப்பார்? உயிரோடு இல்லை என்றால்? அந்தக் கேள்வியை அவள் முடிக்கவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் வேலை ஒன்றுதான் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பூட்டிய நேரத்தின் பதிவை அழித்தாள். மூன்று ஐம்பது அழைப்பின் பதிவை அழித்தாள். டேப்பு அடித்த வரிகளை நாள் நாளாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். ஞாயிற்றுக்கிழமையை அழிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று மணி. வெற்றுப் பட்டியலில் ஒரே ஒரு வரி.

‘அழிச்சாச்சா மேடம்.’

அடுத்த திங்கள் பள்ளி திறக்கிறது. வேறு யாரோ பார்ப்பதைவிடத் தானே கண்டுபிடித்த மாதிரி இருக்கட்டும். இப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. முப்பத்தொன்றின் வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள். ஒண்டிக்கட்டை, வயதானவர். வாசல் கேட்டிலேயே குடியிருப்பவர்.

“அய்யா, பின் கட்டடத்துல சர்வர் ரூம் வரைக்கும் கொஞ்சம் போங்களேன். உள்ள ஏதோ கோளாறு காட்டுது.”

“இதோ போறேம்மா. போன வச்சிராதீங்க.”

செருப்புச் சத்தம். நீண்ட வராந்தா. சாவிக்கொத்தின் குலுக்கல். நின்றது.

“அம்மா, ஒரு மாதிரி வாடை அடிக்குதே.”

“எலி செத்திருக்கும். கதவத் திறக்கறேன், பாருங்க.”

பொத்தானை அழுத்தினாள். பத்து விநாடி. எந்தப் பள்ளிக்கு எவரை அனுப்பினாலும், கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுங்கள் என்று அவள் சொல்லாமல் விட்டதே இல்லை. இன்றைக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

“அய்யோ.” கிழவரின் குரல் உடைந்தது. “நம்ம டேப்பும்மா. செத்து ரொம்ப நாளாச்சு. கீபோர்ட மடியில வச்சுக்கிட்டு… அதுல ஒரு பட்டன் கூட இல்லம்மா. எல்லாத்தையும் பிச்சுப் போட்டிருக்கான்.”

அவள் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

“செவுத்துல என்னமோ எழுதியிருக்கு. இருங்க, கிட்டப் போய்ப் பாக்கறேன். மூணு அம்பதுக்கு மேடத்துக்குப் போன் பண்ணேன்… எடுக்கல… நாலு மணிக்கு மேடம் பூட்…”

அழைப்பு அறுந்தது. திரையில் முப்பத்தொன்றின் கதவு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது.

ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டில் திறந்துவிடலாம். மவுஸின் அம்புக்குறி பொத்தானின் மேலேயே இருந்தது. விரல் மவுஸின் மேல் இருந்தது.

கிழவர் படித்துவிட்டார். வெளியே வந்தால் சொல்லுவார். அவரைத் தேட யாரும் இல்லை. பள்ளி திறக்க ஆறு நாள். வெள்ளியிலிருந்து புதன் வரை எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் முன்புதான் அதை அழித்தாள்.

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றரை. முதலில் வந்த மூன்று வரிகள் வெறும் எழுத்துக் குப்பை. கண்டபடி, தொட்டதையெல்லாம் தட்டியது போல. அவற்றுக்குக் கீழே, ஒரு பிழையும் இல்லாமல் இரண்டு வரிகள்.

‘இவருக்கு டைப் தெரியல.’

‘நான் சொல்லித் தரேன்.’

கூடத்தில் குறட்டை நின்றது. கணவன் எழுந்து நடக்கும் ஓசை.

“காபி போடவா?” என்றான் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

“கொஞ்ச நேரம் கழிச்சு,” என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

அரை மணி நேரம் அவள் அசையவில்லை. விசிறி சுற்றியது. வியர்வை கழுத்தில் இறங்கியது. மடியில் கை கிடந்தது.

நான்கு மணி. ஒரு எழுத்து வந்தது. தப்பு. மறுபடி ஒரு எழுத்து. அதுவும் தப்பு. மூன்றாவதில் இரண்டு எழுத்து சரி. நான்காவதில் மூன்று. யாரோ ஒருவர் பொறுமையாகக் கிழவரின் விரலைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது வரி பிழையில்லாமல் வந்து விழுந்தது.

‘அம்மா.’